கேம் மீது நாம் போட்ட பழி



உக்குவளையில் எம்மில் சிலரது வீடுகளுக்கு முதலில் வந்தது கைமாறிய பழைய மேசைக் கணினிதான். கடிதம் தட்டச்சு செய்தால் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் கேம் போட்டால் மட்டும் சட்டென்று நின்றுவிடும். "கேம் விளையாடியே பழுதாக்கிவிட்டாய்" என்று ஏசினோம். அடியும் விழுந்தது.

வரலாறு சொல்வது வேறு. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில வருடங்களில் உலகெங்கும் மதர்போர்ட்கள் காலத்துக்கு முன்பே பழுதாகின. அவற்றிலுள்ள சிறு உருளைகளான கெபாசிட்டர்களே, அதாவது நாம் வகுப்பில் படிப்பிக்கும் கொள்ளளவிகளே, காரணம். தாய்வானில் தயாரான பலவற்றின் உள்ளே இருந்த இரசாயனத் திரவத்தின் கலவை பிழைத்திருந்தது. ஐதரசன் வாயு சேர்ந்து தலைப்பக்கம் உப்பியது, திரவம் கசிந்தது. இந்தப் பழுதுகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் 300 மில்லியன் டொலர் ஒதுக்க நேர்ந்தது.

கேம் ஓடும்போது புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதிக மின்னோட்டம் கேட்கும். அதைச் சீராக்கிக் கொடுப்பது கெபாசிட்டரின் வேலை. அது பலவீனமானால் மின்னழுத்தம் தளம்பும், கணினி நின்றுவிடும். கேம் நோயை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

எல்லாக் கணினிக்கும் இதுவே காரணமல்ல. தூசு அடைத்த விசிறியும் சூடும் இதையே செய்யும். ஆகவே முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பக்க மூடியைக் கழற்றிப் பார்ப்போம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், அதற்குள் மின் தேங்கியிருக்கும்.

அன்று ஏச்சு வாங்கிய பிள்ளைகள் இன்று வாப்பாமார். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.