எந்தக் காய்ச்சல் வீட்டுக்குப் போகலாம்?

கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் நியூட்ரோபில் என்கிற வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் புண்ணில் சீழ் கட்டாது, தொண்டையும் பெரிதாகச் சிவக்காது. உள்ளே கிருமி பெருகுவதற்குப் பல நேரங்களில் காய்ச்சல் மட்டுமே தடயம்.

இந்த ஆபத்துக்கு எண்ணால் அளவு சொன்னவர்கள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜெரால்டு போடியும் அவருடைய சகாக்களும். ரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்கணக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000க்குக் கீழே போனால் தொற்று கூடுகிறது, 100க்குக் கீழே போனால் மிக மோசம் என்று 1966இல் காட்டினார்கள். அப்போதெல்லாம் கல்ச்சர் முடிவு வந்த பிறகுதான் மருந்து. சூடோமோனாஸ் கிருமி அதுவரை பொறுக்காது. முடிவு வருவதற்குள் பலர் இறந்தார்கள். 1971இல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ப்பின் குழு, எந்தக் கிருமி என்று தெரியுமுன்பே கார்பெனிசிலினையும் ஜென்டாமைசினையும் சேர்த்து ஏற்றிப் பல உயிர்களைக் காப்பாற்றியது. அதிலிருந்து காய்ச்சல் என்றாலே அட்மிஷன், டிரிப்ஸ் என்றாயிற்று.

அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை என்பதை பாஸ்டனில் ஜேம்ஸ் டால்காட் 1988இல் எடுத்துக்காட்டினார். கராச்சியில் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆபத்துக் குறைந்தவர்களுக்கு ஆஃப்லாக்சசின் மாத்திரை கொடுத்து, ஒரு பகுதியினரை வார்டில் வைத்தார்கள், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1995இல் வெளியான முடிவில் இரு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வீட்டுக்குப் போனவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரைப் பிறகு வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத எண் அதுதான்.

யாரை அனுப்பலாம் என்பதற்கு 2000இல் ஜான் கிளாஸ்டர்ஸ்கி குழுவின் 'மாஸ்க்' மதிப்பெண் வந்தது. மொத்தம் 26; 21 எடுத்தால் ஆபத்துக் குறைவு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் 45 வயதுப் பெண்ணுக்கு வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வருகிறது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, உடம்பில் நீர் வற்றவில்லை, வேறு தொந்தரவும் இல்லை என்றால் முழு 26. அதே நிலையில் 70 வயதுக்காரர் ஒருவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தால் அதற்கு 4, வயதுக்கு 2 போய், மிச்சம் 20. அவர் வார்டில்தான் இருக்க வேண்டும்.

மதிப்பெண் மட்டும் போதாது என்கின்றன 2018இன் அமெரிக்க வழிகாட்டுதல்கள். முதல் வேளை மருந்தை மருத்துவமனையிலேயே கொடுத்து, குறைந்தது 4 மணி நேரம் பார்க்க வேண்டும். வீடு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். இரவும் பகலும் கூட ஒருவர், கையில் போன், அவசரத்துக்கு வண்டி எல்லாம் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், 26 வாங்கியவருக்கும் வார்டில் ஒரு படுக்கை ஒதுக்குவதே சரி.