மாறியதை மட்டும் படியெடுத்தல்: தொலைக் கணினிக்கான தானியங்கு காப்புநகல் முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வழங்கிக் கணினியிலுள்ள தரவுகளைத் தொலைவிலுள்ள மற்றொரு கணினியில் தானாகவே படியெடுத்து வைக்கும் முறை, யூனிக்ஸ் இயங்குதளத்தின் காந்த நாடாக்களில் தொடங்கி இன்றைய நிலையை எய்தியுள்ளது. இவ்வளர்ச்சி இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்திய வரலாறாகவே பெரிதும் நோக்கப்படுகிறது. எடுத்த நகலை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினாவும் அவ்வரலாற்றின் மையத்தில் உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காப்புநகல், வழங்கி, யூனிக்ஸ், ஆர்சிங்க், தரவு மீட்பு.

முன்னுரை

ஒரு வழங்கியின் கோப்புகள் அனைத்தையும் நாள்தோறும் முழுமையாகப் படியெடுப்பது பாதுகாப்பானது. ஆனால் செலவு மிக்கது. கோப்புகளுள் பெரும்பாலானவை ஒரு நாளில் மாறுவதில்லை. எனவே, முந்தைய நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் படியெடுக்கும் 'வளர்முறைக் காப்புநகல்' தோன்றியது. இம்முறை இரண்டு சிக்கல்களைத் தன்னுடன் கொண்டுவந்தது. மாறியது எது என அறிவது எவ்வாறு என்பது ஒன்று. துண்டுகளாகச் சேர்ந்த நகல்களிலிருந்து முழுமையை மீட்பது எவ்வாறு என்பது மற்றொன்று.

நாடாவும் நிலைகளும்

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் 'டம்ப்' கட்டளை, காப்புநகல்களை 0 முதல் 9 வரை நிலைகளாகப் பகுத்தது. 0 என்பது முழு நகல். பிற நிலை ஒவ்வொன்றும், தன்னினும் குறைந்த எண்ணுடைய நிலையில் கடைசியாக எடுக்கப்பட்ட நகலுக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டும் கொண்டது. முந்தைய நகல்களின் நாள்களைப் பதிவேடாகக் கொண்ட ஒரு கோப்பே இக்கணக்குக்கு அடிப்படையாயிற்று. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தாமே இயக்கும் 'கிரான்' என்னும் நிரலும் அதே பதிப்பில் இடம்பெற்றிருந்தது.

பெர்க்லி யூனிக்ஸ் கையேடு, நாள்தோறும் எடுக்கும் நகல்களுக்கு 3, 2, 5, 4, 7, 6, 9, 8, 9, 9 என்னும் நிலை வரிசையைப் பரிந்துரைத்தது. ஹனோய் கோபுரப் புதிரைத் தழுவிய இவ்வரிசை, மீட்பின்போது தேவைப்படும் நாடாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்குடையது. ஆக, தொடக்கக் காலத்திலேயே நகலெடுப்பின் எளிமையைவிட மீட்பின் எளிமை கருத்தில் கொள்ளப்பட்டமை தெளிவாகிறது. 1983இல் வெளியான 4.2பிஎஸ்டி, வலைப்பின்னல்வழி மற்றொரு கணினியின் நாடா இயக்கிக்கு நகலை அனுப்பும் வசதியை அளித்தது.

ஆர்சிங்க் படிமுறை

டம்ப் முறையில் ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு முழுவதும் மீண்டும் படியெடுக்கப்பட்டது. மெதுவான தொலைத்தொடர்பு இணைப்புகளில் இது பெருஞ்சுமையாயிற்று. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதற்குத் தீர்வு கண்டது.

பழைய கோப்பு தொலைக் கணினியிலும் புதிய கோப்பு வழங்கியிலும் இருக்கையில், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட இயலாது. ஆதலால், தொலைக் கணினி தன் கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணித்து அனுப்புகிறது. ஒன்று விரைவாகக் கணிக்கத்தக்க 32 பிட் எண். மற்றது வலுவான 128 பிட் எம்டி4 எண். வழங்கி தன் கோப்பின் ஒவ்வொரு பைட் இடத்திலிருந்தும் தொடங்கும் துண்டை இவ்வெண்களுடன் ஒப்பிடுகிறது. முதல் எண்ணை ஒரு பைட் நகரும்தோறும் புதிதாகக் கணிக்க வேண்டியதில்லை. விலகும் பைட்டைக் கழித்துச் சேரும் பைட்டைக் கூட்டினால் போதும். அவ்வெண் பொருந்தும் இடங்களில் மட்டும் வலுவான எண் கணிக்கப்படுகிறது. பொருந்திய துண்டுகளுக்குச் சுட்டெண்ணும் பொருந்தாத பகுதிகளுக்கு அவற்றின் தரவும் அனுப்பப்படுகின்றன. கோப்பின் நடுவே புதிய வரி நுழைந்து பின்னுள்ளவை இடம்பெயர்ந்தாலும் இம்முறை பிழைபடுவதில்லை.

தொடர்பின் பாதுகாப்புக்கு, 1995இல் டாட்டு யூலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச் நெறிமுறை துணையாயிற்று. கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவி இணையைப் பயன்படுத்த இயன்றதால், மனிதர் அருகிலின்றியே இரவில் நகலெடுப்பு நிகழ வழி பிறந்தது.

நகலின் வடிவம்

2003இல் ஆர்சிங்கில் சேர்க்கப்பட்ட ஒரு தெரிவு, மாறாத கோப்புகளை முந்தைய நகலுடன் வன்தொடுப்பால் இணைத்தது. இதனால் ஒவ்வொரு நாளின் அடைவும் முழு நகலாகவே தோற்றமளித்தது. வட்டில் மாறிய கோப்புகள் மட்டுமே புதிய இடம் கொண்டன. பழைய நகலை நீக்கினாலும் புதியது குலைவதில்லை. எனினும், பெருங்கோப்பில் நிகழும் சிறு மாற்றமும் முழுக்கோப்பையும் மீண்டும் சேமிக்கச் செய்தது. போர்க், ரெஸ்டிக் ஆகிய பிற்காலக் கருவிகள் உள்ளடக்கத்தைக் கொண்டே துண்டுகளின் எல்லையை வகுத்து, ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமித்து, மறையாக்கமும் செய்தன.

தானியக்கமும் பிழையும்

தானியக்கம் மறதியை நீக்கியது. மேற்பார்வையையும் சேர்த்தே குறைத்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாகக் கருதப்பட்ட நகல், மென்பொருள் பதிப்பு முரண்பாட்டால் எடுக்கப்படவேயில்லை; தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறொரு நோக்கத்துக்காகக் கையால் எடுத்த நகலே மீட்புக்கு உதவியது. இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் இழக்கப்பட்டன.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. பழைய பதிவுகளை நீக்க வேண்டிய காப்புநகல் நிரல், இயங்கிக்கொண்டிருந்தபோதே மாற்றப்பட்டதால் தவறிழைத்து, ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவை அழித்தது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களுள் நான்கின் தரவுகளை மீட்க இயலவில்லை. காக்க அமைந்த கருவியே அழிவுக்குக் காரணமாயிற்று.

ஒத்திசைவு காப்பன்று என்பதும் இங்குக் கருதத்தக்கது. மூலத்தில் நீக்கப்பட்டதைத் தொலைக் கணினியிலும் நீக்குமாறு அமைத்த ஆர்சிங்க், பழைய நகல்கள் பேணப்படாதவிடத்து, இழப்பையும் உண்மையாகவே படியெடுத்துவிடும். வழங்கிக்கு நகல்களை அழிக்கும் உரிமை இருப்பின், வழங்கியைக் கைப்பற்றியவருக்கும் அவ்வுரிமை கிட்டும். தொலைக் கணினியே வழங்கியிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளும் அமைப்பும், சேர்க்க மட்டும் இசைந்து அழிக்க இசையாத அமைப்பும் இதனாலேயே பரிந்துரைக்கப்படுகின்றன.

முடிவுரை

எதை அனுப்புவது என்னும் வினாவுக்கு 1996ஆம் ஆண்டின் படிமுறை பெரும்பாலும் விடை தந்தது. எதை நம்புவது என்னும் வினா ஒவ்வொரு நிறுவனத்திலும் மீண்டும் மீண்டும் எழுகிறது. மீட்டுப் பார்க்கப்படாத நகல் இருப்பதாக எண்ணப்படும் நகலேயன்றி இருக்கும் நகலன்று. மின்வடிவில் மட்டுமே ஆய்வுத் தரவுகளைக் கொண்டுள்ள கல்வி நிறுவனங்கள் நகலெடுக்கும் கால அட்டவணையுடன், மீட்டுச் சரிபார்க்கும் கால அட்டவணையையும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.