எட்டுப் பலகையும் ஆறு கோணமும்: செஞ்சி வரலாற்றின் வழியே வயிரத் தெரிவு

மணவுறுதி நாளன்று மணமகள் விரலில் ஒற்றை வயிரம் பதித்த மோதிரம் அணிவிக்கும் வழக்கம் இன்று தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும் பரவி வருகின்றது. செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து வாழும் குடும்பத்தாரும் இதன்பொருட்டுத் திண்டிவனத்திற்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சென்று கல் தேர்கின்றனர். கடையேறியதும் அவர்தம் முதல் வினா, ‘எத்தனை காரட்?’ என்பதே. கல் பெரிதாயின் சிறப்பும் பெரிது என்பது பொதுவான எண்ணம். ஆயின், வயிரம் தேர்தற்கு நம் முன்னோர் வகுத்த முறையில் அளவு முதலிடம் பெறவில்லை. குற்றம் காண்டலே முதலிடம் பெற்றது. இவ்வுண்மையை நூலும் கல்வெட்டும் வணிகர் வழக்கும் ஒருங்கே காட்டுகின்றன. செஞ்சி வயிரம் விளையும் நிலம் அன்று; அதன் மூன்று மலைகளும் கருங்கல் மலைகளே. எனினும், பெருங்கற்களை வாங்கியும் விற்றும் வாழ்ந்தோர் வரலாற்றோடு அந்நகரின் வரலாறு நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றது.

முதற்கண் மோதிரம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மணத்திற்கு அடையாளமாக மோதிரம் தருதல் பழந்தமிழர் வழக்கு எனக் கொள்ளுதற்குச் சான்று இல்லை. அகநானூற்றின் 86, 136 ஆம் பாட்டுகள் திருமண நிகழ்ச்சியை விரிவாகக் கூறுவன. அவற்றுள் மோதிரம் இடம்பெறவில்லை. கண்ணகி திருமணத்தை விரித்துரைக்கும் மங்கல வாழ்த்துப் பாடலிலும் அது இல்லை. வயிரம் பதித்த விரலணியைச் சிலப்பதிகாரத்தில் நாம் காண்பது கடலாடு காதையில், மாதவியின் விரல்களிலே ஆகும். அங்கே அஃது அழகிற்கு அணிந்த அணி; உறுதிக்கு அளித்த பொருள் அன்று. மேலை நாட்டில் 1477 இல் ஆசுத்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரிக்கு அளித்த வயிர மோதிரத்தை இவ்வழக்கத்தின் தொடக்கமாகக் கூறுவர். ஆயினும், நடுத்தரக் குடும்பங்கள்வரை அது பரவியமைக்குக் காரணம், டி பீர்சு நிறுவனத்திற்காக 1947 இல் அமெரிக்காவில் எழுதப்பெற்ற ஒரு விளம்பரத் தொடரே எனல் மிகையாகாது. நம் பாட்டிமார் வயிரத்தை அணிந்தது காதிலும் மூக்கிலுமே. அவர்கள் கேட்டது ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி. ஒரே பெருங்கல்லை விரலில் ஏற்றுதல் புதுவழக்கு. புதுவழக்கு ஆதலின் அது கூடாது என்று யான் கூறவில்லை. அதற்குரிய தேர்வு முறையைப் பழையதிலிருந்து கடன்பெறலாம் என்பதே கருத்து.

அப்பழைய முறை யாது? ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மணி வணிகர் வீதியைக் காண்கின்றான். அங்கு வயிரத்தின் சிறப்பைக் கூற வந்த இளங்கோவடிகள் அதன் பருமையைக் கூறவில்லை. காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்கு குற்றமும் நீங்கியமையையே முதலில் கூறுகின்றார். இப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் காலத்தில் இந்நூற்பொருள் மேலும் விரிந்திருந்தது. வயிரத்தின் குற்றம் பன்னிரண்டு என எண்ணப்பட்டன, குணமோ ஐந்தே. குற்றம் பன்னிரண்டாகவும் குணம் ஐந்தாகவும் அமைந்த இவ்வெண்ணிக்கையே அத்துறையினரின் மனப்போக்கை நன்கு காட்டும். கீற்று, துளை, கரி, கோடி முறிதல், தாரை மழுங்கல் என்பன அக்குற்றங்களுள் சில.

குணங்களுள் தலையாயவை பலகை எட்டும் கோணம் ஆறும் ஆகும். இதனை வெறும் மரபுரையெனத் தள்ளிவிடுதல் தவறு. இரண்டு கூம்புகளை அடியோடு அடி பொருத்தி வைத்தாற் போன்ற வடிவமே இயற்கையில் வயிரப் படிகம் பெரிதும் கொள்ளும் வடிவம். அவ்வடிவிற்கு முகம் எட்டு, முனை ஆறு, விளிம்பு பன்னிரண்டு. முகத்தைப் பலகை என்றும், முனையைக் கோணம் என்றும், விளிம்பைத் தாரை என்றும் நம்மவர் வழங்கினர். படிகவியல் என்னும் துறை தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வெண்கள் கண்ணாற் கண்டு எண்ணப்பட்டுள்ளன. எனவே, அன்று தேர்ந்தது பட்டை தீட்டிய கல்லை அன்று. இயற்கையிலேயே முனை முறியாது, விளிம்பு மழுங்காது நின்ற படிகத்தை ஆகும்.

நூலிற் கண்டதனைக் கல்லிலும் காணலாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் இருபத்தொன்பதாம் ஆண்டு (கி. பி. 1014) வரை அளித்த அணிகலன்களைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றன. மாணிக்கம், முத்து, வயிரம் ஆகியவற்றின் எண்ணிக்கையும் நிறையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவைகளால் குறிக்கப்பட்டுள்ளன. மட்டத்தாரை உடைய வயிரம் முதலாக வகை பிரித்ததோடு அமையாது, புள்ளி பட்டன, முறிவுடையன, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையன, வெந்தாற் போன்ற குறியுடையன ஆகியவற்றையும் மறைக்காது எழுதியுள்ளனர். பேரரசன் இறைவனுக்கு அளித்த கொடையிலும் கல்லின் குற்றம் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டமை எண்ணி மகிழ்தற்குரியது. பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில், மாணிக்கம் விற்க வந்த இறைவனும் மணிகளின் குணங்களோடு குற்றங்களையும் எடுத்துரைப்பதாகவே பாடினார். குற்றம் கூறி விற்பவனே வணிகன் என்னும் கொள்கை நாட்டில் வேரூன்றியிருந்தது போலும்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். 1599 இல் கிருட்டிணப்ப நாயக்கரைக் கண்ட ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, நாயக்கர் மார்பில் முத்தும் மணியும் பொதிந்த பெருஞ்சங்கிலி தொங்கியதைக் குறித்துள்ளார். செஞ்சியைப் போன்ற பெருநகரை இந்தியாவில் தாம் கண்டதில்லை என்றும் அவர் எழுதினார். நாயக்கராட்சி 1649 இல் பீசப்பூர்ப் படையால் முடிவுற்றது. 1677 இல் சிவாசி கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இக்கோட்டையில் இருந்தபொழுது, 1690 இல், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அப்பேரத்தைச் சென்னையிலிருந்து நடத்திய ஆளுநர் எலிகு யேல் வயிர வாணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டியவர். கோட்டைக்கும் கல்லுக்கும் விலை பேசிய நா ஒன்றே.

எட்டாண்டு நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 இல் சுல்பிகர்கான் செஞ்சியைப் பிடித்தார். அம்முற்றுகையில் பெயர் பெற்ற படைத்தலைவர் தாவூத்கான். அதே 1698 இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் தாமசு பிட். 1701 திசம்பரில் சாம்சந்து என்னும் பெருவணிகர், வேங்கடச் செட்டி என்பார் உடன்வர, தீட்டப்படாத பெருங்கல் ஒன்றைப் பிட்டிடம் கொணர்ந்தார். கேட்ட விலை 2,00,000 வராகன். பிட் கூறிய விலை 30,000. வணிகர் போவதும் வருவதுமாகப் பேரம் பல நாள் நீண்டது. ஒரு நூறாயிரமாக இறங்கி, மேலும் இறங்கி, இறுதியில் 48,000 வராகனுக்கு முடிந்தது. அடிமை ஒருவன் தன் காற்புண்ணில் மறைத்துக் கொணர்ந்த கல் இது என்னும் கதைக்குச் சான்று இல்லை. தகாத வழியிற் பெற்றார் என்னும் பழிச்சொல் பரவவே, பிட் 1710 இல் பேரம் நடந்த முறையைத் தம் கையால் எழுதி வைத்தார்; நாம் அறிவது அவ்வெழுத்தினாலேயாம்.

இப்பேரத்தை ஒட்டியே, 1702 இன் முற்பகுதியில், கருநாடக நவாபாகிய தாவூத்கான் சென்னையை வளைத்துக்கொண்டார். அம்முற்றுகையை விலக்க ஆங்கிலேயர் தந்த தொகை 25,000 ரூபாய். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கொண்டால் கல்லின் விலை 1,68,000 ரூபாய் ஆகும். ஒரு நகரின் மீட்சிக்குக் கொடுத்ததைப்போல ஆறு மடங்கிற்கு மேல் ஒரு கல்லுக்குக் கொடுக்கப்பட்டது!

பிட் அக்கல்லின் நிறையை 305 மங்கெலின் எனக் குறித்தார். மங்கெலின் என்பது தெலுங்கு, தமிழ் வழக்குகளின் வழியே மஞ்சாடியினின்று திரிந்த சொல். இராசராசன் பண்டாரத்தில் நிறுத்த அதே சிவந்த விதையின் பெயர், ஏறத்தாழ எழுநூறு ஆண்டு கழித்து, ஆங்கில ஆளுநர் ஏட்டில் உருமாறி நிற்கின்றது. காரட் கணக்கில் அது 410. இலண்டனில் 1704 முதல் 1706 வரை தீட்டிய பின் எஞ்சியது 140.64 காரட். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேய்ந்து போயிற்று. 1717 இல் பிரெஞ்சு நாட்டு ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்சுப் பெருமகன் அதனை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். லூவர் அருங்காட்சியகத்திற்குரிய ‘ரீசண்டு’ வயிரம் அதுவே.

அக்காலத்தில் கல் தேர்ந்த முறையைப் பிரெஞ்சு வணிகர் தவெர்னியர் நேரிற் கண்டு எழுதியுள்ளார். மேலை நாட்டார் பகலொளியில் நோக்க, நம் நாட்டார் இரவில் சுவர்ப் புரையில் விளக்கேற்றி, அதன் சுடரில் கல்லை விரலிடைப் பிடித்து நீரோட்டம் பார்த்தனர். நீலம் பாய்ந்துள்ளதா என அறிய அடர்ந்த மரநிழலில் வைத்து நோக்கினர். விலை பேசுங்கால் வாய் திறவாது, துணியின் கீழ்க் கை பற்றி, முழுக்கை ஆயிரம், ஒரு விரல் நூறு என உணர்த்தினர். எடை இரட்டித்தால் விலை நான்கு மடங்காகும் என்னும் கணக்கையும் அவர் தருகின்றார். இன்று அக்கணக்கு அவ்வாறே நில்லாவிடினும், கல் பெரிதாகுந்தோறும் ஒரு காரட்டின் விலையும் ஏறுதல் உண்மை. ஆகவே, பெருங்கல்லில் ஒரு குற்றத்தைக் காணத் தவறுதல் சிறுகல்லில் தவறுவதினும் பன்மடங்கு இழப்பாகும்.

இன்று ஆய்வகச் சான்றிதழ் உண்டு. எடை, நிறம், தெளிவு, தீட்டு ஆகியவற்றோடு, கல்லினுள் குற்றம் எவ்விடத்து அமைந்துள்ளது எனக் காட்டும் படமும் பெருங்கல்லுக்கு வரைந்து தரப்படுகின்றது. வாங்குவோர் தரத்தைப் படிக்கின்றனர், படத்தைப் பார்ப்பதில்லை. நிலத்தில் விளைந்த வயிரத்தையும் ஆய்வகத்தில் வளர்த்த வயிரத்தையும் கண்ணால் பிரித்தறிதல் இயலாது. அதற்குச் சான்றிதழே துணை. ஆயின் கீற்று, முறிவு ஆகியவற்றிற்கு உருப்பெருக்கியும் பொறுமையும் போதும். வாங்கிய வயிரத்தைச் சில நாள் வீட்டில் வைத்து, ‘ஒத்துக்கொள்கின்றதா’ எனப் பார்க்கும் வழக்கத்தைச் சிலர் நகையாடுவர். தோடம் என்னும் நம்பிக்கையை யான் ஏற்கவில்லை. எனினும், பல வேளையிலும் பல ஒளியிலும் கல்லை நோக்குதற்கு அவ்வழக்கம் காலம் தருகின்றது.

மோதிரத்திற்கு இது மிகவும் வேண்டப்படுவது. காதிலுள்ள தோடு எதனோடும் மோதுவதில்லை. விரலிலுள்ள கல் கதவிலும் பாத்திரத்திலும் நாள்தோறும் இடிபடும். வயிரம் கீறுதற்கு அரிதே அன்றிப் பிளத்தற்கு அரிதன்று. அவ்வெட்டுப் பலகைகளுக்கு இணையான திசைகளில் ஓர் அடியிற் பிளக்கும் இயல்பினது. விளிம்பைத் தொடும் கீற்றும் கூர்முனையில் உள்ள முறிவும் ஆண்டே தொடங்கும். பெருங்கல்லில் நடுவே தோன்றும் சிறு கரும்புள்ளி அழகைக் குறைப்பினும் கல்லைக் கெடுக்காது. விளிம்பிலுள்ள கீற்றோ கண்ணுக்குத் தெரியாதிருந்தும் கல்லையே இழக்கச் செய்யும். முன்னதற்கு விலை குறைத்துக் கேட்கலாம். பின்னதை எவ்விலைக்கும் கொள்ளலாகாது. கடைவிளக்குகள் கல்லை மின்னச் செய்தற்கென்றே அமைந்தவை. எனவே கதவருகே பகலொளியிலும், வெளியே மரநிழலிலும் வைத்துப் பார்த்த பின்னரே விலை பேசத் தொடங்குதல் நன்று. அதற்குக் கடைக்காரர் இசையாவிடின், அதே தெருவில் வேறு கடை உண்டு.