இயக்க நேரத் திட்டமிடல் (கும்மிடிப்பூண்டி)
கணினிச் சேவைகளும் கருவிகளும் எப்போது இயங்கும், எப்போது பராமரிப்புக்காக நிற்கும் என்பதைக் கண்காணித்து அட்டவணையிடும் பணி. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் போன்ற இடங்களில் இது மின்வாரியம் முன்கூட்டி வெளியிடும் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். ஒப்பந்தம் 99.9 விழுக்காடு இயக்கம் கேட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடமே நிறுத்தத்துக்கு இடமுண்டு. காலை 9 முதல் மாலை 5 வரை ஒருநாள் மின்சாரம் இல்லையென்றால், மாற்று ஏற்பாடில்லாத சர்வருக்கு அந்த ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய முழுவதும் அன்றே தீர்ந்துவிடும். முன்னறிவித்த நிறுத்தத்தைக் கணக்கில் சேர்க்காத ஒப்பந்தங்களும் உண்டு. அது வாடிக்கையாளருக்குப் பெரிய ஆறுதல் அல்ல. யுபிஎஸ் பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் சோதனை நாள்களையும் அட்டவணையில் குறிப்பார்கள். ஆலைகளில் ஷிஃப்ட் மாறும் வேளையில் வருகைப்பதிவு நெரிசலாக இருக்கும் என்பதால் மென்பொருள் மேம்படுத்தலை அப்போது வைப்பதில்லை.