நடனக் கல்வியில் ரோபோக்களும் டிஜிட்டல் கருவிகளும்

நடனம் கற்பிக்க ரோபோ, கணினி வரைகலை, அசைவைப் பதிவுசெய்யும் கேமரா ஆகியவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1990-களில் வேகம் பிடித்தன. ஓர் அசைவில் எதை விட்டுவிடலாம், எதை விட்டால் அது அந்த நடனமாகவே இருக்காது என்பது நல்ல ஆசிரியருக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கும். இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டிவந்தபோது அதைத் தேடிப்பிடித்துக் கணக்காக எழுதவேண்டியதாயிற்று. இந்தத் துறையின் பெரிய பயன் அதுதான்.

ஜப்பானின் புகுஷிமா மாகாணத்து நாட்டுப்புற ஆட்டம் ஐசு பந்தாய்சான். வாரிசு இல்லாமல் மறையும் இத்தகைய ஆட்டங்களைப் பாதுகாக்க, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கட்சுஷி இக்கெயுச்சியின் ஆய்வுக் குழு முனைந்தது. ஆடுபவரின் உடம்பில் குறிப்பான்களை ஒட்டி, பல கேமராக்களால் அசைவைப் பதிவுசெய்து, அதன்படி எச்ஆர்பி-2 என்ற மனித வடிவ ரோபோவை ஆடவைத்தார்கள். 154 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் கொண்ட அந்த ரோபோவுக்கு மனித அசைவை அப்படியே கொடுத்தால் நிலைதடுமாறி விழும். எனவே கால் வேலையை நிற்பது, அடியெடுத்து வைப்பது, தாழ்வது என்று பிரித்தார்கள். கைகளுக்கோ, தாளம் விழும் இடத்தில் கை சற்றே நிற்கும் நிலைகளை முதலில் குறித்துக்கொண்டார்கள்.

பாட்டின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை தெளிவானது. ஆடுபவர்கள் இடையிலுள்ள வளைவுகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள். தாளத்தில் விழும் அந்த முக்கிய நிலைகளை மட்டும் விடுவதில்லை. பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) ஆடிப் பழகியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சென்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. கசுஹிரோ கொசுகேயின் குழு உருவாக்கிய வால்ட்ஸ் ரோபோ 2005-இல் ஐச்சி உலகக் கண்காட்சியில் ஆடியது. சக்கரங்களில் நகரும் அது பெண் ஜோடியின் இடத்தில் நின்று, ஆண் தரும் மெல்லிய தள்ளலையும் இழுப்பையும் உடம்பிலுள்ள உணரியால் அறிந்து, அடுத்த அடி எதுவாக இருக்கும் என்று கணித்து நகர்ந்தது. 2017-இல் அதே பல்கலைக்கழகத்தினர் ரோபோவை ஆசிரியராக்கினார்கள். இம்முறை நடத்திச் சென்றது ரோபோ. மாணவரின் திறமையை அளந்து, அதற்கேற்பத் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. ஜோடி நடனத்தின் பாடம் கைவழியாகவும் இடுப்புவழியாகவும்தான் போய்ச் சேர்கிறது. காணொளியால் தரமுடியாதது இந்தத் தொடுதல்.

திரையை நம்பிய முயற்சிகளில் மிகச் சிறந்தது நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் சிடி-ராம். ஃபிராங்பர்ட் பாலே குழுவின் கலைஞர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கிய இந்தப் பணி, கார்ல்ஸ்ரூவே நகரின் கலை-ஊடக மையத்தின் துணையோடு 1999-இல் வெளியானது. ஃபோர்சைத் கையை நீட்டினால், அவர் மனதில் நினைக்கும் கோடு வெள்ளையாகக் காற்றில் தெரியும். அந்தக் கோட்டை மடிக்கவும் நீட்டவும் தவிர்த்துப் போகவும் அவர் காட்டித்தருவார். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்காம் லைஃப்ஃபார்ம்ஸ் என்ற மென்பொருளில் உருவங்களை ஆடவிட்டு, 1991-இல் ‘டிராக்கர்ஸ்’ என்ற படைப்பை அமைத்தார். அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார்.

பரதநாட்டியத்திலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட கினெக்ட் கேமராவைக் கொண்டு அடவுகளைப் பதிவுசெய்து, நிலைகளைக் கணினி அடையாளம் காணச்செய்தார்கள். அரைமண்டி போன்ற முழு உடம்பின் நிலைகளுக்கு இது பொருந்தும். ஆனால் முதல் கினெக்ட் உடம்பை 20 புள்ளிகளாகப் பார்த்தது. உள்ளங்கைக்கு விரல்களே இல்லை, ஒற்றைப் புள்ளிதான். பதாகம், திரிபதாகம் என்ற இரு முத்திரைகளும் அந்தப் புள்ளிகளாலான எலும்புக்கூட்டில் ஒன்றே. தட்டடவில் பாதம் தரையை அறையும் அழுத்தமும் அதில் பதியாது.

2020-இன் ஊரடங்கில் சென்னையிலும் புலம்பெயர் தமிழர் வீடுகளிலும் வகுப்புகள் மடிக்கணினிக்கு மாறியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசை மாணவியை அடையச் சற்றுத் தாமதம். அவள் ஆடுவது ஆசிரியரை அடைய மேலும் தாமதம். தாளத்தில் சரியாக ஆடும் பிள்ளையும் திரையில் பிந்தியே தெரிவாள். அதனால் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்புவது, பிள்ளைகள் ஆடிய காணொளியைப் பார்த்துத் திருத்துவது என்ற முறை பரவியது.

விரல்களைக் காணாத அந்தக் கினெக்டின் உற்பத்தி 2017-இலேயே நின்றுவிட்டது. இன்று சாதாரணக் கைப்பேசிக் கேமராவைக் கொண்டே கூகுளின் மீடியாபைப் மென்பொருள் உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டறிகிறது. கைக்கான தனிப் பகுதி ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளைக் காட்டுகிறது. முத்திரைகளைக் கணினிக்குக் கற்றுத்தர இனி தனிக் கருவி வேண்டியதில்லை. பாதத்தின் அழுத்தத்துக்கோ இன்னமும் தரையில்தான் உணரி வைக்கவேண்டும்.