குதிரை நொண்டுதா? வலி மாத்திரைக்கு முன்னாடி இதைப் பாருங்க! மூட்டுத் தேய்மானம் வந்தால் சவாரி செய்யலாமா?

மெரினாவில் சவாரிக் குதிரை, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக் குதிரை, புறநகர்ப் பண்ணைகளில் சவாரிப் பயிற்சி எனத் தமிழ்நாட்டில் குதிரைக்கு இன்னும் வேலை இருக்கிறது. வேலை செய்கிற குதிரைக்கு அடிக்கடி வரும் பிரச்சினை நொண்டல்.

'ரெண்டு நாள் விட்டா சரியாயிடும்' என்று சிலர் விடுகிறார்கள். சிலர் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே சேணம் பூட்டுகிறார்கள். இரண்டுமே ஆபத்தில் முடியலாம். வலி தெரியாமல் ஓடும் குதிரை சேதமான காலையே மேலும் சேதப்படுத்திக்கொள்ளும். திடீரென்று தடுமாறினால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் அடிதான்.

நொண்டலை எப்படிக் கண்டுபிடிப்பது? அது மூட்டுத் தேய்மானமா என்று எப்படித் தெரியும்? சவாரியைத் தொடரலாமா, நிறுத்தணுமா? விரிவாகப் பார்க்கலாம்.

நொண்டல் என்பது நோயா?

இல்லை. நொண்டல் ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சலுக்குப் பல காரணம் இருப்பது போல நொண்டலுக்கும் பல காரணம் உண்டு. குளம்பில் சீழ், லாட ஆணி தவறான இடத்தில் இறங்கியது, தசைநார் காயம், எலும்பு விரிசல், மூட்டுத் தேய்மானம் என எதுவாகவும் இருக்கலாம்.

நிற்கும்போது குதிரையின் உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. அதனால் முன்னங்கால் நொண்டல்தான் அதிகம். முன்னங்கால் நொண்டினால் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் பழக்கம்.

எந்தக் கால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டாந்தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, ஒருவர் குதிரையை நேராக நடத்த வேண்டும். பிறகு மெதுவோட்டமாக ஓட்ட வேண்டும். இன்னொருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முன்னங்கால் என்றால் தலையைக் கவனிங்க. வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும்.

பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்க. வலி இருக்கும் பக்கத்து இடுப்பு மற்ற பக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கம் நொண்டலை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. 0 என்றால் நொண்டலே தெரியவில்லை. 3 என்றால் மெதுவோட்டத்தில் ஒவ்வொரு முறையும் தெரிகிறது. 4 என்றால் நடக்கும்போதே தெரிகிறது. 5 என்றால் காலை ஊன்றவே முடியவில்லை. மருத்துவரிடம் போனில் பேசும்போது 'கொஞ்சம் நொண்டுது' என்பதைவிட 'நடக்கும்போதே தெரியுது' என்று சொன்னால் அவருக்கு அவசரம் புரியும்.

உடனே மருத்துவர் தேவைப்படும் அறிகுறிகள் என்னென்ன?

• காலைத் தரையில் ஊன்றவே மறுப்பது.

• ஒரு மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, அல்லது மூட்டுக்கு அருகில் காயம் இருப்பது. மூட்டுக்குள் கிருமித் தொற்று என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

• முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்பது. இது குளம்புக்குள் இருக்கும் திசுவின் அழற்சியாக இருக்கலாம். அலட்சியம் செய்தால் குளம்புக்குள் எலும்பே இடம் மாறிவிடும்.

• உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது. நல்ல நிலையில் உள்ள குதிரைக்கு சுமார் 37.5 முதல் 38.5 வரை இருக்கும்.

• குளம்பு சூடாக இருந்து, அதற்கு மேலே பாதத்தின் பின்பக்க ஓரங்களில் நாடி பலமாகத் துடிப்பது. குளம்புக்குள் சீழோ அழற்சியோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்ன கூடுதல் கவனம்?

தொழிற்சாலைகளும் பட்டறைகளும் கட்டுமானமும் நிறைந்த பகுதி இது. சாலையோரத்திலும் காலி மனைகளிலும் ஆணி, ஸ்க்ரூ, கம்பித் துண்டு, தகரச் சீவல் கிடப்பது சகஜம். குளம்பின் அடியில் இது ஏறினால், வெளியே சின்னத் துளைதான் தெரியும். உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம்.

ஆணி குத்தியிருப்பதைப் பார்த்தால் பதற்றத்தில் பிடுங்கிவிடாதீங்க. குதிரையை நகரவிடாமல் நிறுத்தி, எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் குத்தியிருக்கிறது என்று போட்டோ எடுங்க. ஆணி இருக்கும் நிலையிலேயே எக்ஸ்ரே எடுத்தால், அது எதைத் தொட்டிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும். கால் ஊன்றும்போது ஆணி இன்னும் உள்ளே போகும் என்ற நிலை இருந்தால் மட்டும், மருத்துவரிடம் போனில் கேட்டு எடுக்கலாம். டெட்டனஸ் குதிரைகளை எளிதில் தாக்கி உயிரைப் பறிக்கும் நோய். தடுப்பூசி போட்ட தேதியைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலை போன்ற கனரக வாகனங்கள் ஓடும் சாலைகளில், கான்கிரீட்டிலும் தாரிலும் மெதுவோட்டம் விட்டால் மூட்டில் அதிர்ச்சி அதிகம். கோடையில் காய்ந்து இறுகிய மண்ணும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கும் நீரும் சேறும் குளம்பை ஊறவைத்து, அழுகலுக்கும் சீழுக்கும் வழி செய்யும். லாயத்தின் தரை காய்ந்திருக்க வேண்டும். தினமும் குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மெரினா போன்ற கடற்கரைகளில் கால் புதையும் மணல் தசைநாரைச் சிரமப்படுத்தும். அலையோரம் இறுகிய ஈர மணல் அதைவிடப் பரவாயில்லை.

மூட்டுத் தேய்மானம் என்றால் என்ன?

மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அது தேய்ந்து, மூட்டுக்குள் அழற்சி ஏற்பட்டு, ஓரங்களில் புது எலும்பு வளர்வதுதான் மூட்டுத் தேய்மானம். தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளரவைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால், வலியைக் குறைத்து, தேய்மானத்தின் வேகத்தையும் குறைக்கலாம்.

வயதான குதிரைக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். பந்தயக் குதிரைகள் 2 வயதிலேயே ஓடத் தொடங்குகின்றன. பந்தயத்திலிருந்து விலகி சவாரிக்கு வரும் குதிரையின் மூட்டு, அதன் வயதைவிட மூத்ததாக இருக்கலாம்.

அறிகுறி எப்படி இருக்கும்? காலையில் லாயத்திலிருந்து வெளியே வரும்போது விறைப்பாக நடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தபின் சரியாகிவிடும். 'பார்த்தீங்களா, நல்லாத்தான் இருக்கு' என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வளைவில் திரும்பத் தயங்குவது, படுத்து எழச் சிரமப்படுவது, லாடம் அடிக்கும்போது காலை மடக்கக் கொடுக்காமல் இழுப்பது, சேணம் போட்டால் எரிச்சல் காட்டுவது ஆகியவையும் வலியின் அடையாளமாக இருக்கலாம். அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பது தவறு.

மருத்துவர் எப்படி உறுதி செய்வார்?

முதலில் தடவிப் பார்ப்பார். குளம்பை இடுக்கி போன்ற கருவியால் அழுத்திப் பார்ப்பார். பிறகு மூட்டை மடக்கிச் சுமார் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, உடனே ஓடவிட்டுப் பார்ப்பார். நொண்டல் அதிகமானால் அந்தப் பகுதியில் சந்தேகம் வரும்.

அடுத்தது மரப்பு ஊசி. காலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒவ்வொரு இடமாக மரக்கவைத்து ஓடவிடுவார்கள். எந்த இடம் மரத்ததும் நொண்டல் மறைகிறதோ, வலி அங்கேதான். பிறகுதான் எக்ஸ்ரே, ஸ்கேன். இந்தப் பரிசோதனைக்கு முன் வலி மாத்திரை கொடுத்துவிட்டால் மருத்துவரால் வலி இருக்கும் இடத்தைப் பிடிக்க முடியாது.

எங்கே போவது? சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பெரிய விலங்குகளுக்கும் சிகிச்சை உண்டு. அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ சேவைக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். எலும்பு முறிவு என்று சந்தேகம் இருந்தால், மருத்துவர் வந்து கட்டுப் போடும் வரை லாரியில் ஏற்றக் கூடாது.

சிகிச்சை என்ன?

குதிரைகளுக்கு அதிகம் தரப்படும் வலி மருந்து ஃபினைல்பியூட்டசோன். நன்றாக வேலை செய்யும். ஆனால் அளவு கூடினாலும், நாள் நீண்டாலும் வயிற்றுப்புண், குடல் புண், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த குதிரைக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

மனிதர்களுக்கான மாத்திரையும் வேண்டாம். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது இந்தியாவில் 2006 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய கால்நடையின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாக இறந்ததே காரணம்.

தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஊசி மருந்து செலுத்துவார்கள். இது சுத்தமான சூழலில், அனுபவமுள்ள மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது. மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் பவுடர்களுக்கு உறுதியான ஆதாரம் குறைவு. அந்தக் காசை லாடம் அடிப்பவருக்குச் செலவு செய்வது மேல்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன?

குளம்பு: 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சீவி, லாடம் மாற்ற வேண்டும். குளம்பின் முன்பகுதி நீண்டுவிட்டால் மேலே இருக்கும் மூட்டுகள் எல்லாவற்றிலும் இழுப்பு விழும்.

எடை: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் தடவினால் தெரிய வேண்டும். வேலை குறைந்தால் கொள்ளு, தவிடு ஆகியவற்றைக் குறைக்கணும். புல்லைக் குறைக்கக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்தீவனம் தேவை.

நடை: புதிய காயத்துக்கு ஓய்வு தேவை. ஆனால், தேய்மானம் உறுதியான குதிரையை நாள் முழுக்க லாயத்தில் கட்டிப்போட்டால் மூட்டு இன்னும் இறுகும். தினமும் கொஞ்சம் நடை, சுற்றித் திரிய இடம், சவாரிக்கு முன் 15 நிமிட நடை ஆகியவை அவசியம். ஆறு நாள் சும்மா வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டுவதுதான் மிக மோசமான பழக்கம்.

சுமை: சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. மூட்டு வலி உள்ள குதிரைக்கு இதைவிடக் குறைக்க வேண்டும்.

அப்படின்னா, சவாரி செய்யலாமா கூடாதா?

மூட்டுத் தேய்மானம் வந்தாலே சவாரி முடிந்தது என்று அர்த்தமில்லை. மருத்துவர் அனுமதித்தால், மெத்தென்ற தரையில், நேர் பாதையில், லேசான சவாரி பல குதிரைகளுக்கு நல்லதுதான். வட்டமாகச் சுற்றுவது, தாண்டுவது, வேகமாக ஓடித் திடீரென நிறுத்துவது வேண்டாம்.

முடிவெடுக்க ஒரு எளிய வழி: சவாரிக்கு மறுநாள் காலை, லாயத்திலிருந்து வெளியே வரும் முதல் 20 அடியைப் பாருங்க. முந்தைய நாளைவிட விறைப்பு கூடியிருந்தால் நேற்றைய வேலை அதிகம். வாரா வாரம் அந்த முதல் நடையை வீடியோ எடுத்து வைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நடக்கும்போதே நொண்டினால் சவாரி கூடாது. தினமும் வலி மருந்து கொடுத்தால்தான் மேலே ஏற முடியும் என்ற நிலை வந்துவிட்டால், அந்தக் குதிரைக்கு சவாரியிலிருந்து ஓய்வு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நோய், காயம், முதுமை காரணமாக வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். அதனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை. கடற்கரையில் குழந்தையை ஏற்றிவிடும் பெற்றோர், குதிரை நடக்கும்போது தலை ஏறி இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தாலே போதும். நொண்டும் குதிரையில் ஏற்ற மறுத்தால், அது குழந்தைக்கும் பாதுகாப்பு, குதிரைக்கும் ஓய்வு.

வாங்கப்போறீங்களா?

விலை குறைவு என்று பந்தயத்தில் ஓடிய குதிரையை வாங்குபவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய்ப் பாருங்க. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடேற்றிய குதிரையில் விறைப்பு தெரியாது. லாயத்திலிருந்து நேராக வெளியே கொண்டுவரச் சொல்லி, கட்டாந்தரையில் ஓடவிடச் சொல்லுங்க. வலி மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். உங்கள் சார்பில் ஒரு கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் கொடுங்க.