நாற்பத்தேழாவது குரோமோசோம்

குழந்தை குறையோடு பிறந்துவிடின், அதற்குரிய காரணத்தைப் பெற்றோர் தலைமேல் சுமத்துவது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். தாய் உண்ட உணவு, தந்தையின் குடி, முன்னோர் செய்த வினை எனப் பழி பலவாறு பேசப்படும். அப்பழியை அறிவியல் படிப்படியாக அகற்றிய வரலாறுகளுள், டவுன் சிண்ட்ரோம் எனப்படும் பிறவிநிலையின் வரலாறு குறிப்பிடத்தக்கது.

மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குத்தண்டு, தளர்ந்த தசைகள், மெதுவான அறிவு வளர்ச்சி ஆகியன இந்நிலையின் அடையாளங்கள். பாதியளவினர் இதயக் குறைபாட்டுடனும் பிறக்கின்றனர். இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தில் மருத்துவராயிருந்த ஜான் லாங்டன் டவுன் 1866ஆம் ஆண்டில் இவற்றைத் தொகுத்து எழுதினார். அவருடைய கூர்நோக்கு பாராட்டத்தக்கது. அவர் கண்ட முடிபோ பிழையானது. இக்குழந்தைகளின் முகம் மங்கோலிய இனத்தாரை ஒத்திருப்பதாகக் கருதி, அவ்வினத்தின் பெயரையே இவர்களுக்குச் சூட்டினார். பெற்றோரின் காசநோயே இதற்குக் காரணம் என்றும் எழுதினார். ஓர் இனத்தையும் எண்ணற்ற பெற்றோரையும் புண்படுத்திய இக்கருத்தின் நிழல் ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்தது.

1933ஆம் ஆண்டில் லயனல் பென்ரோஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பல குடும்பங்களை ஆராய்ந்து, இந்நிலை தாயின் வயதோடு தொடர்புடையது என்றும், தந்தையின் வயதோடு தொடர்புடையதன்று என்றும் நிறுவினார். ஆயினும் உயிரணுவினுள் நிகழ்வது யாது என்பது விளங்கவில்லை. மனிதனின் குரோமோசோம்கள் எத்தனை என்பதே அந்நாளில் சரியாக அறியப்படவில்லை. நாற்பத்தெட்டு என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

அப்பிழையைத் திருத்தியவர் நம் அண்டைத் தீவாகிய ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ ஆவார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் முகாமில் சிறையிருந்து மீண்ட அவர், சுவீடனின் லுண்ட் நகரில், 1955 டிசம்பரில் மனித உயிரணுவின் குரோமோசோம்களை எண்ணி, நாற்பத்தாறே எனக் கண்டார். ஆல்பர்ட் லெவானுடன் இணைந்து 1956ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். சரியான எண் தெரிந்த பின்னரே மிகுதியையும் குறைவையும் கண்டறிதல் இயல்வதாயிற்று.

மூன்றே ஆண்டுகளில் பாரிஸ் நகரில் விடை கிடைத்தது. மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர், தாமே அமைத்த எளிய ஆய்வுக்கூடத்தில் இக்குழந்தைகளின் உயிரணுக்களை வளர்த்து, நாற்பத்தேழு குரோமோசோம்கள் இருப்பதைக் கண்டார். ஜெரோம் லெஜூன், ரெமோன் துர்ப்பேன் ஆகியோருடன் கூட்டாக 1959ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது. புகழ் பெரும்பாலும் லெஜூனையே சேர்ந்தது. கோத்தியேயின் பெயரோ கட்டுரையில் பிழைபட அச்சாகியிருந்தது. அவருக்குரிய பங்கினைப் பிரான்சின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிக்குழு 2014ஆம் ஆண்டில்தான் எடுத்துரைத்தது.

ஆசிரியரும் மாணவரும் இங்குத் தெளிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. மரபணு சார்ந்தது என்பது வேறு. மரபுவழி வருவது என்பது வேறு. நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து குழந்தைகளிடத்து, பெரும்பாலும் கருமுட்டை உருவாகுங்கால், இருபத்தோராம் குரோமோசோம் இணை பிரியாமற் போவதால் ஒன்று மிகுகின்றது. தாயின் வயது ஏறஏற இதற்குரிய வாய்ப்பு கூடுகிறதேயன்றி, எவர் செய்த செயலாலும் இது நிகழ்வதன்று. முன்னோரிடமிருந்து இறங்கி வருவதுமன்று. நூற்றுக்கு மூவர் அல்லது நால்வரிடத்து மட்டும் மிகுதியான இருபத்தோராம் குரோமோசோம் மற்றொன்றோடு ஒட்டியிருக்கும். இவர்களுள் சிலர் அதனை நலமாக வாழும் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பெறுகின்றனர். அத்தகைய குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் இந்நிலை வர வாய்ப்புண்டு. ஆதலின் குழந்தையின் குரோமோசோம்களை ஆராய்தல் பெற்றோர்க்கு நன்மை பயப்பதாகும்.

உண்மை புலப்பட்டதும் பெயரும் மாறியது. 1961ஆம் ஆண்டில் பத்தொன்பது அறிஞர்கள் பழம்பெயரைக் கைவிடக் கோரி மருத்துவ இதழொன்றுக்கு எழுதினர். அவர்களுள் டவுனின் பேரர் ஒருவரும் இருந்தார். 1965ஆம் ஆண்டில் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்கிணங்க உலகச் சுகாதார நிறுவனமும் அப்பெயரை விலக்கியது.

பெயர் மாறியதோடு வாழ்வும் மாறியது. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டளவில் இருபத்தைந்தாக இருந்த இவர்தம் சராசரி ஆயுள், இன்று அறுபதை எட்டியுள்ளது. இதய அறுவை மருத்துவமும், காப்பகத்தில் அடைக்காது வீட்டில் வளர்த்தலும் இதற்குக் காரணங்களாம். கற்க இயலாதவர் என ஒதுக்கப்பட்டோருள் பலர் எழுதவும் படிக்கவும் தொழில் புரியவும் கற்றுள்ளனர். மூன்றாம் திங்கள் இருபத்தோராம் நாளை, மூன்றாகிய இருபத்தோராம் குரோமோசோமை நினைந்து, ஐக்கிய நாடுகள் அவை 2012ஆம் ஆண்டு முதல் இவர்களுக்குரிய நாளாகப் போற்றி வருகின்றது.

மருத்துவர்கள் ஒரு சொல்லைத் திருத்த ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் வாயில் வழங்கும் இழிசொற்களைத் திருத்த ஒரு நாள் பாடம் போதும். அப்பாடத்தைத் தொடங்குவது ஆசிரியரின் கடமையாகும்.